மண்ணால் மனை கற்பித்த ஹஸன் ஃபத்ஹி

எகிப்து தேசத்திற்கு நைல் நதியே தாய் என்பது பள்ளிப் பிள்ளைகளும் அறிந்த செய்தி. ஆவணி புரட்டாசித் திங்கள்களில் பெருக்கெடுத்து, வயலெங்கும் கரிய வண்டலைப் பரப்பி, பின்னர் அமைதியாய் வடிந்து போவது பன்னெடுங்காலமாய் அந்நதியின் இயல்பாயிருந்தது. ஊட்டிய அக்கையே சிற்சில ஆண்டுகளில் அடிக்கவும் செய்தது. தாழ்ந்த நிலத்தில் எழுந்த மண்குடில்கள் வெள்ளத்திற் கரைந்து வீழும். நீர் வடிந்தபின் குடியானவன் அவ்வீழ்ந்த மண்ணையே எடுத்து மிதித்துக் குழைத்து மீண்டும் சுவர் வைப்பான். கரைவதும் கட்டுவதுமாகவே கழிந்த இவ்வாழ்வினருக்கு வீடு கட்டித் தருதலினும், செவ்விய வீடு கட்டிக் கொள்ளக் கற்றுத் தருதலே தக்க உதவியென்று கண்டு, அதன்பொருட்டுத் தம் ஆயுளிற் பெரும்பகுதியைச் செலவிட்ட ஒரு சிற்பியின் சரித்திரத்தை யாம் ஈண்டுச் சுருக்கி எழுதப் புகுந்தோம். தமிழ் பயிலும் எமக்குச் சுண்ணமும் கல்லும் பற்றி எழுத என்ன உரிமை என்று எம் தோழர் சிலர் நகைக்கலாம். வீட்டில் வசிக்கும் உரிமை ஒன்றே போதுமென்று கருதுகின்றோம்.

ஹஸன் ஃபத்ஹி 1900ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 23ஆம் நாள் அலெக்ஸாந்திரியா நகரிற் பிறந்தார். குடும்பம் செல்வக் குடும்பம். நாட்டுப்புறத்தில் நிலபுலன்கள் மிகுதியாக இருந்தன. ஆயினும் தந்தையார் அந்நிலங்களை மிதித்தவர் அல்லர். கிராமம் என்றால் ஈயும் கொசுவும் அழுக்கு நீரும் என்பதே அவர் எண்ணம். மக்களையும் அங்கே போகவொட்டாது தடுத்து வைத்தார். தாயாரோ இளமையைக் கிராமத்திற் கழித்தவர். தாம் வளர்த்த ஆட்டுக்குட்டி தம் பின்னே தொடர்ந்து வந்ததும், வீட்டுக்கு வேண்டிய யாவும் வீட்டிலேயே விளைந்ததும் ஆகிய கதைகளைப் பிள்ளைகளுக்குச் சொல்லிச் சொல்லி ஏங்குவார். தந்தையின் அருவருப்பும் தாயின் ஏக்கமும் அச்சிறுவர் உள்ளத்தில் ஒருங்கே தங்கின. தாம் காணாத கிராமத்தின்மேல் அவருக்குப் பெருங்காதல் உண்டாயிற்று.

அக்காதலால் உழவுக் கலாசாலையிற் சேர விரும்பினார். உழவைப் பற்றி வினவிய வினாக்களுக்கு விடை கூற இயலாது தோற்றுத் திரும்பினார். வயலைக் கண்ணாற் காணாதவர் வேறென்ன செய்வர்! பின்னர்க் கெய்ரோ நகரிற் கட்டடக்கலை பயின்று 1926இல் தேறினார். நைல் கழிமுகத்திலுள்ள தல்கா என்னும் சிற்றூரில் ஒரு பள்ளிக்கூடம் கட்டுவிக்கும் வேலை அவருக்கு முதலிற் கிடைத்தது. அவ்வூர்த் தெருக்களின் அழுக்கும் வறுமையும் அவர் மனத்தை வாட்டின.

இருபத்தேழாம் வயதில் முதன்முறையாகத் தம் குடும்பத்துப் பண்ணை ஒன்றை நேரிற் சென்று கண்டார். தாயார் கதைகளிற் கேட்ட இன்ப வனம் அங்கில்லை. குனிந்து நுழையும் இருட்குடில்களில் மனிதரும் மாடும் ஒருங்கு கிடந்தனர். அவர்கள் உழைப்பின் பயனாற்றான் தாம் நகரத்தில் உண்டும் உடுத்தும் படித்தும் வாழ்ந்தார் என்னும் உணர்ச்சி அவரைச் சுட்டது. எத்துணையோ பேர் இவ்வாறு சுடப்பட்டுச் சில நாளில் ஆறிவிடுகின்றனர். இவர் ஆறவில்லை.

ஏழைக் குடியானவனுக்கு ஒரு நல்ல வீடு ஏன் அமையவில்லை? இதனை ஆராய்ந்தபோது தடை சுவரில் இல்லையென்றும் கூரையில் உள்ளதென்றும் அவர் கண்டார். சுவருக்கு வேண்டிய மண் காலடியிலேயே உண்டு, வைக்கோலும் உண்டு, வெயில் சொல்ல வேண்டுவதில்லை. மண்ணையும் வைக்கோலையும் குழைத்து அச்சிலிட்டு வெயிலில் உலர்த்தினால் பச்சைச் செங்கல் ஆயிற்று. கூரைக்கோ மரம் வேண்டும். எகிப்தில் நல்ல மரம் அரிது, கப்பலில் வருவது, காசு கொடுத்தே பெறத்தக்கது. ஆகவே ஏழை சோளத்தட்டையைப் பரப்பி அதன்கீழ் வதிந்தான். 1937இல் ஃபத்ஹி பச்சைச் செங்கல்லாலாகிய மனைகளுக்கு அழகிய படங்கள் வரைந்து காட்சிக்கு வைத்தார். அதன்பின் இரண்டாவது உலக யுத்தம் மூண்டது. மரமும் இரும்பும் கிடைப்பது அரிதாகவே, மண்ணாலேயே கூரையும் அமைப்பதன்றி வேறு வழியில்லை என்னும் நிலை வந்தது. பண்டையோர் வளைகூரை அமைத்தனரன்றோ, யாமும் அமைப்போம் என்று துணிந்து பஹ்தீம் என்னும் இடத்துப் பண்ணையில் முயன்றார். கட்டக் கட்ட வளைவுகள் இடிந்து வீழ்ந்தன. மரச்சட்டம் கொண்டு தாங்காமல் மண்கல்லை வளைத்துக் கட்டும் சூத்திரம் அவருக்கும் தெரியவில்லை. அவர் கற்ற நூல்களிலும் இல்லை.

இந்நிலையில் அவருடைய சகோதரர் ஒருவர் உதவினார். அஸ்வான் அணைக்கட்டு வேலையிலிருந்த அவர், தென்னாட்டு நூபியர் மரமின்றியே வீடுகளுக்கும் மசூதிகளுக்கும் மண்வளைவுக் கூரை அமைப்பதைக் கண்டிருந்தார். இங்கே அந்நூபியர் வரலாற்றைச் சிறிது கூறுதல் வேண்டும். 1902இல் முடிவுற்ற அஸ்வான் அணை பின்னர் இருமுறை உயர்த்தப்பட்டது. இரண்டாம் முறை 1933ஐ அடுத்து நீர் ஏறியபோது நூபியரின் ஊர்கள் பல மூழ்கின. அவர்கள் பெற்ற ஈட்டுத் தொகை சொற்பம். எனினும் மேட்டுநிலத்திற்கு ஏறித் தம் கைகளாலேயே புதிய ஊர்களைச் சமைத்துக் கொண்டனர். பொறிவல்லார் எவரும் அவர்களுக்குப் படம் வரைந்து கொடுத்திலர். கைத்தொழில் அவர்களிடம் இருந்தமையால் வெள்ளம் வீட்டைக் கொண்டதேயன்றி வீடுகட்டும் வல்லமையைக் கொண்டிலது. ஃபத்ஹியின் வாழ்க்கை முழுவதற்கும் இதுவே திறவுகோல் என்பது எமது துணிபு.

1941இல் அவர் தம்மிடம் பயின்ற மாணாக்கர் சிலருடன் அஸ்வான் சென்றார். (1930 முதல் கெய்ரோ நுண்கலைக் கலாசாலையில் அவர் உபாத்தியாயராயிருந்தார்.) நகரத்தைக் கண்டு மனம் சோர்ந்தார், ஆற்றைக் கடந்து மேல்கரையிலுள்ள கர்ப் அஸ்வான் என்னும் ஊருக்குள் நுழைந்தவுடன் திகைத்து நின்றார். ஓங்கிய, தூய, வெண்ணிற வீடுகள் தெருத்தெருவாக நின்றன, யாவும் மண், யாவற்றின்மேலும் வளைகூரை. இதனைக் கட்டிய கொத்தர் யார் யார் என்று தேடி, முடிவில் சிலரைக் கண்டுபிடித்துத் தம்முடன் பணிபுரிய அழைத்துக் கொண்டார். அவருள் அலாவுதீன் முஸ்தபா என்பவர் பின்னர் நெடுங்காலம் அவருக்கு வலக்கையாயிருந்தார். பட்டம் பெற்ற ஆசிரியர் எழுத்தறிவு குறைந்த தொழிலாளரிடம் மாணாக்கராக அமர்ந்தார்.

அத்தொழிலின் முறையைப் படிப்போர்க்கு விளங்கும்படி எழுத முயல்கின்றோம். அறையின் இரு பக்கச் சுவர்களும் ஓரளவு உயர்ந்தபின், பின்சுவரை மட்டும் மேலும் உயர்த்துவர். அச்சுவரின்மேல் ஈரமண் பூசி, கயிறும் அளவுகோலும் இன்றிக் கண்ணளவாகவே ஒரு வளைவின் வடிவத்தை வாய்ச்சியாற் செதுக்கிக் கொள்வர். பின்னர் முதல் வரிசைக் கற்களை நேராக நிறுத்தாமல் அப்பின்சுவர்மேற் சாயும்படி ஒட்டுவர். அடுத்த வரிசை முதல் வரிசையின்மேற் சாயும். மூன்றாவது இரண்டாவதின்மேற் சாயும். இவ்வாறு ஒவ்வொரு வரிசையும் தனக்கு முன்னதைப் பற்றிக் கொண்டே நிற்பதால் கீழிருந்து தாங்க மரச்சட்டம் வேண்டுவதில்லை. இதற்கெனச் செய்யும் கற்கள் சுவர்க்கற்களினும் மெல்லியவை. பளுக் குறையும்பொருட்டு வைக்கோல் மிகுதியாகச் சேர்ப்பர். ஈரம் காயுமுன் விரல்களால் அவற்றின் ஒரு பக்கத்தில் கோடுகள் இழுத்து வைப்பர். சாந்து அக்கோடுகளிற் புகுந்து கல்லை இறுகப் பிடித்துக் கொள்ளும். வளைவு முற்றியபின் அதன் பளு முழுவதும் ஒன்றையொன்று அழுத்தி நிற்றலாகவே சுவர்களின் வழியாய்ப் பூமியிற் சேரும். இழுக்கும் விசையை மண்கல் தாங்காது. அழுத்தும் விசையை நன்கு தாங்கும். கொத்தர் இதனைக் கணக்கிட்டறியார். அவர் கைகள் அறிந்திருந்தன.

யாத்திராகமத்தைப் படித்தோர்க்கு எகிப்தின் செங்கல்லும் வைக்கோலும் புதியன அல்ல. இஸ்ரவேலர் வைக்கோல் கொடுக்கப்படாமலே கல்லறுக்கப் பணிக்கப்பட்டு வருந்திய அவ்வரலாற்றை ஞாயிறு பாடசாலையிற் கேட்டபோது, வைக்கோலுக்கும் செங்கல்லுக்கும் என்ன தொடர்பென்று யாம் மயங்கியதுண்டு. ஃபத்ஹியின் சரித்திரம் அம்மயக்கத்தைத் தீர்த்தது. இரண்டாம் ராம்ஸேஸ் மன்னன் லக்ஸர் நகரின் எதிர்க்கரையில் எழுப்பிய கோயிலைச் சார்ந்த களஞ்சியங்களிலும் இத்தகைய மண்வளைவுகளை மூவாயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் காணலாம்.

கொத்தருடன் திரும்பிய ஃபத்ஹிக்கு விரைவில் ஒரு சோதனை வாய்த்தது. கெய்ரோவுக்குத் தெற்கே மஆதி என்னும் நகர்ப்புறத்தை அடுத்து எஸ்பத் அல் பஸ்ரி என்னும் சிறு குடியிருப்பு இருந்தது. திருடர் உறையும் இடமென்று அதற்குப் பெயர். அதனை வெள்ளம் அடித்துச் சென்றது. செம்பிறைச் சங்கத்தார் வீடிழந்தோர்க்கு வீடு அமைத்துத் தர முற்பட்டனர். ஃபத்ஹி மாதிரி வீடு ஒன்றைத் தாமே கட்டிக் காட்ட முன்வந்தார். நூபியக் கொத்தர் கைப்பட வளைகூரையுடன் கூடிய அழகிய வீடு ஒன்று எழுந்தது. செலவு 164 எகிப்தியப் பவுன். பார்த்தோர் மகிழ்ந்தனர், ஆனால் சங்கத்தார் அம்முறையை ஏற்றாரில்லை. பன்மடங்கு செலவிட்டுச் சிமெண்டுக் காங்கிரீட்டு வீடுகளையே வரிசையாகக் கட்டுவித்தனர். மாதிரி வீடும் பிற்பாடு இடிக்கப்பட்டது. அவர் கட்டியவற்றுள் வெள்ளத்தால் வீடிழந்தோர்க்கென்றே கட்டிய வீடு அஃது. அதனை வீழ்த்தியது வெள்ளம் அன்று.

மண்வீடு வெள்ளத்தைத் தாங்குமோ என்று படிப்போர் இவ்விடத்தில் வினவுவர், நேரிய வினாவே. நீரில் ஊறிய பச்சைச் செங்கல் மீண்டும் சேறாகும் என்பதை யாம் மறைப்பதற்கில்லை. மண்சுவர் பெரும்பாலும் உச்சியிலிருந்து கெடுவதில்லை, அடியிலிருந்தே கெடும். தேங்கிய நீரை அடிச்சுவர் உறிஞ்சி மேலேற்றும். ஈரம் உலரும்போது அதிலுள்ள உப்புப் பூத்துச் சுவரை மாவாக உதிர்க்கும். அடி மெலிந்த சுவர் மேற்பளுவால் வீழும். ஆகவே மண்வீட்டைக் காக்கும் வழிகள் மேடான இடம் தேர்தல், நீர் தேங்காவாறு வாட்டம் அமைத்தல், அஸ்திவாரத்தையும் சுவரின் அடியையும் கல்லாற் கட்டுதல், ஆண்டுதோறும் மண்பூச்சைப் புதுப்பித்தல் என்பன. இவற்றிலும் பெரிய காப்பு ஒன்று உண்டு. வீழ்ந்த வீட்டை அடுத்த பருவத்திற்குள் கடனின்றித் தானே எழுப்பவல்ல கொத்தன் ஊரிலேயே இருத்தல் அது. நூபியர்க்கு அக்காப்பு இருந்தது. பஸ்ரியின் மக்களுக்கு இல்லை. அக்கொத்தனை ஊர்தோறும் உண்டாக்குவது எவ்வாறு என்பதே ஃபத்ஹியின் பெருங்கவலையாயிற்று.

அதற்குரிய வாய்ப்பு 1945இல் வந்தது. லக்ஸருக்கு எதிரே நைலின் மேல்கரையில் குர்னா என்னும் ஊர் இருந்தது. பண்டை எகிப்தியப் பிரபுக்களின் கல்லறைகள் குடையப்பட்ட சுண்ணாம்புக் குன்றின்மேல், அக்கல்லறைகளுக்கு மேலேயே, ஏறத்தாழ 7,000 மக்கள் குடியிருந்தனர். பூமிக்கடியிற் கிடைத்த பழம்பொருள்களைத் தோண்டி விற்பதும் அவர்தம் பிழைப்புகளுள் ஒன்று. ஒருமுறை கல்லறைச் சுவரிலிருந்த சிற்பம் ஒன்று பெயர்த்தெடுக்கப்பட்டுக் களவு போகவே, புராதனப் பொருள் இலாகாவினர் ஊரையே குன்றிலிருந்து கீழே இறக்கிவிடத் தீர்மானித்தனர். சமவெளியில் 50 ஏக்கர் அளவுள்ள நிலம் வாங்கப்பட்டது. புதிய ஊரைச் சமைக்கும் பணி ஃபத்ஹியிடம் ஒப்புவிக்கப்பட்டது.

அவர் அவ்வூரைக் காகிதத்தில் ஒரே அச்சாய் வார்க்கவில்லை. பதனா எனப்படும் சுற்றக்குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனி முற்றத்தைச் சுற்றி அமையுமாறும், ஒரு வீடு மற்றொன்றைப் போல் இராதவாறும் வரைந்தார். மசூதி, சந்தை, நாடகமேடை, ஆண் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிகள், கைத்தொழிற் கூடம் எல்லாம் திட்டத்தில் இடம்பெற்றன. கல்லறுக்க மண்ணெடுத்த பள்ளத்தையும் அவர் வீணாக விட எண்ணவில்லை. கொசுவும் நீர்வழி நோயும் பரவாவண்ணம் அதனை ஒழுங்கான ஏரியாக்கிச் சுற்றிலும் சோலை வைக்கக் கருதினார்.

எமக்கு இவற்றிலும் மேலாகத் தோன்றுவது தொழில் கற்பித்தற்கு அவர் வகுத்த முறையே. அஸ்வானிலிருந்து வந்த கொத்தர் ஆசிரியராயினர், குர்னாவின் கூலியாட்களும் இளைஞரும் மாணாக்கராயினர், கரும்பலகை இல்லை. ஊருக்கு வேண்டிய பொதுக் கட்டடங்களே அவர்களுக்குப் பாடசாலை. முதலிற் சாந்து குழைத்தலும் கல் எடுத்துக் கொடுத்தலும், அடுத்து நேர்ச்சுவர் வைத்தல், அதன்பின் வளைகூரை, முடிவிற் கும்மட்டம். ஒவ்வொரு படியிலும் திறமைக்கேற்பக் கூலி உயரும். கற்கும் காலத்திலேயே கூலி பெறுவதால் ஏழை மகன் படிப்பின்பொருட்டுப் பட்டினி கிடக்க வேண்டுவதில்லை. பொதுக் கட்டடங்களிற் கை தேறியவர் பின்னர் வீடு வேண்டுவோருடன் சேர்ந்து அவரவர் மனைகளை எழுப்புவர். வேலை முடிந்து அரசாங்கத்தார் போய்விட்டாலும் தொழில் ஊரில் நிற்கும். கைத்தொழில் மாணாக்கரைக் கட்டடத்தை விட்டுத் தனியே ஓரறையில் அடைத்துப் பாடம் ஒப்புவிக்கச் செய்யும் நம் வழக்கத்தோடு இதனை ஒப்பிட்டுப் பார்த்தல் நலம்.

திட்டம் இத்துணைச் சிறப்பாக இருந்தும் ஊர் நிறைவெய்தவில்லை. இலாகாக்களின் மந்தம் ஒரு காரணம். வைக்கோல் வாங்கவும் கூலி கொடுக்கவும் எழுத்தரிடம் மாதக்கணக்காக மன்றாட வேண்டியிருந்தது. பெரிய காரணம் மக்களே. குன்றை விட்டு இறங்கினால் பிழைப்புப் போய்விடும் என்று அவர்கள் அஞ்சினர். இங்கே நாம் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். கற்பாறைமேல் வீடு கட்டிய புத்திமானையும் மணல்மேற் கட்டியவனையும் பற்றிய உவமையை நம் ஆண்டவர் அருளிச் செய்தார். குர்னா மக்களின் பழைய வீடுகள் அவ்வுவமைக்கேற்பப் பாறைமேலேயே நின்றன. நைல் பெருகினாலும் அவ்வுயரத்தை எட்டாது. அவர்கள் குடியேறப் பணிக்கப்பட்ட புது நிலமோ கரையிட்டு வெள்ளநீரைத் தடுத்துவைத்த தாழ்ந்த வயற்பரப்பு. வெள்ளக்காலத்தில் அக்கரை ஓரிரவு வேண்டுமென்றே வெட்டப்பட்டது; புது ஊரை மூழ்குவிக்கக் கருதிச் செய்த செயல் என்று ஃபத்ஹி தாமே எழுதி வைத்திருக்கின்றார். ஊர் முழுவதும் அழிந்திலது. ஆயினும் யாருக்காக உழைத்தாரோ அவர்களே வெள்ளத்தை அழைத்து வந்தனர் என்னும் எண்ணம் அவரை எவ்வாறு வருத்தியிருக்கும்! 1948ஐ ஒட்டி வேலை நின்றது. திட்டமிட்ட வீடுகளில் ஒரு சிறு பகுதியே எழுந்திருந்தது.

அம்மக்களைக் கொடியவர் என்று சொல்ல எமக்கு மனம் இசையவில்லை. ஒவ்வொரு குடும்பத்தின் விருப்பத்தையும் கேட்டு வாயிலும் முற்றமும் அமைக்க முயன்ற ஃபத்ஹி, இறங்க விரும்புகின்றீர்களா என்னும் முதற் கேள்வியைக் கேட்கும் அதிகாரம் இல்லாதவராயிருந்தார். அக்கேள்விக்கு விடை இலாகாவின் அலுவலகத்தில் அவர் வருமுன்னரே எழுதப்பட்டுவிட்டது. தம்மை விரட்டுவதற்காகக் கற்பிக்கப்படும் தொழிலை யார் மகிழ்ந்து கற்பர்? இது எம் சிற்றறிவுக்கு எட்டியது. அவரை உளமார மதித்துக் கொண்டே இதனை எழுதுகின்றோம்.

பின்வந்த ஆண்டுகளை விரைந்து சொல்லி முடிக்கலாம். 1957இல் அவர் எகிப்தை விட்டுக் கிரேக்க தேசத்து ஆதென்ஸ் நகரிற் சில ஆண்டுகள் பணி செய்து மீண்டார். 1967இல் கார்கா என்னும் பாலைவனச் சோலையில் பாரிஸ் என்னும் புதிய ஊரைக் கட்டத் தொடங்கினார். அவ்வாண்டு மூண்ட யுத்தத்தால் அதுவும் நின்றது. குர்னாவின் வரலாற்றை அவரே நூலாக எழுதினார். 1969இல் கெய்ரோவிற் சில படிகளே அச்சாயின. 1973இல் அமெரிக்காவில் சிகாகோ பல்கலைக்கழகத்தார் ஏழைகட்கான கட்டடக்கலை என்னும் பொருள்படும் தலைப்பில் அதனை வெளியிட்டனர். முற்றுப்பெறாத ஊர் ஒன்றைப் பற்றிய அந்நூல், முற்றுப்பெற்ற மாளிகைகள் பல பெறாத புகழை அவருக்குத் தந்தது. 1980இல் ஆகாகான் விருதுக் குழுவினர் அவரைச் சிறப்பித்தனர். அவ்வாண்டிலேயே ஸ்வீடன் தேசத்தில் வழங்கப்படும் நல்வாழ்வு விருதும் வந்தது.

அவ்வாண்டு நடந்த மற்றொரு செய்தியே எமக்கு மிக இனியது. அமெரிக்காவின் நியூ மெக்ஸிக்கோ மாகாணத்தில் அபிக்யூ என்னும் ஊரருகே மசூதியும் பள்ளியும் கட்ட அவரை அழைத்தனர். எண்பது வயதுக் கிழவர் நூபியக் கொத்தர் இருவருடன் அங்கே சென்றார். அந்நாட்டிலும் பச்சைச் செங்கல் வீடுகள் உண்டு. ஆனால் கூரைக்கு மரம் இடுவதே வழக்கம். கற்க வந்து கூடிய அமெரிக்க மாணாக்கர் நடுவே நூபியக் கொத்தர் வளைவைக் கண்ணளவாகவே இட்டு, கல்மேற் கல்லாய்ச் சாய்த்து ஒட்டிக் காட்டினர். குர்னாவில் முற்றுப்பெறாத பாடம் கடல் கடந்து மற்றொரு வகுப்பிற்குச் சென்றது.

ஃபத்ஹி தம் முதுமையைக் கெய்ரோவின் கோட்டைக்கு அருகிலுள்ள பழைய வீடு ஒன்றிற் பூனைகள் பல சூழக் கழித்தார். 1989ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 30ஆம் நாள் இறந்தார்.

நீர் அவரை இறந்தபின்னும் விட்டிலது. 1970இல் அஸ்வான் உயர் அணை முடிவுற்றபின் நைலின் ஆண்டு வெள்ளம் அடங்கியது; ஆனால் வயல்களுக்கு ஆண்டு முழுவதும் நீர் பாய்வதாயிற்று. நிலத்தடி நீர் மேலேறிப் புதுக் குர்னாவின் சுவர்களின் அடியை உப்பினால் அரித்தது. வீடுகள் பல இடிந்தன. பலவற்றைக் குடியிருந்தோரே இடித்துக் காங்கிரீட்டு மாடிகள் எழுப்பிக் கொண்டனர். 1994 நவம்பரில் பாலைவனப் பள்ளத்தாக்குகளின் வழியாகத் திடீர் வெள்ளம் வந்து மேல் எகிப்தில் ஊர்கள் பலவற்றைச் சிதைத்தது. பழைய குர்னாவின் குன்றுவீடுகளையோ, வெள்ளமன்றி அரசாங்கத்தின் இயந்திரங்கள் 2006 முதற்கொண்டு இடித்துத் தள்ளின. புதுக் குர்னாவில் எஞ்சியிருந்த பொதுக் கட்டடங்களைச் செப்பனிடும் பணியைப் பின்னர் யுனெஸ்கோ மேற்கொண்டது. நூபியக் கொத்தரும் அவர்தம் மாணாக்கரும் எழுப்பிய மசூதி அவற்றுள் ஒன்று; அதன் மண்கும்மட்டம் இன்றும் நிற்கின்றது.